பாதி மனுஷி, பாதி ஏலியன்: என் கேம் ஹீரோயினை தூக்கிடணுமா?

எனக்கு வர்ற கடிதங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். நான் மரபணு ஆலோசகர், அதனால சொந்தத்துல கட்டினா குழந்தைக்கு என்ன ஆகும், கல்யாணத்துக்கு முன்னாடி தலசீமியா டெஸ்ட் எடுக்கணுமா, இந்த ரிப்போர்ட்ல கேரியர்னு போட்டிருக்கே பயப்படணுமா, இப்படித்தான் கேப்பாங்க. இந்த தடவை ஒரு தம்பி வீடியோ கேம் பத்தி கேட்டிருக்கார். கேம் விளையாடற டாக்டர் யாரையும் தெரியாது, நீங்க எப்பவோ ஒரு பதில்ல மாஸ் எஃபெக்ட்னு எழுதினது ஞாபகம் இருந்துச்சு அதான் உங்களுக்கு எழுதறேன்னு ஆரம்பிச்சிருக்கார். நான் டாக்டர் இல்ல தம்பி, ஆனா விளையாடறது உண்மை.

கடிதத்தோட சுருக்கம் இது, ஊர் பேர் கம்பெனி எல்லாம் எடுத்துட்டேன். அவருக்கு 27 வயசு, ஐடி வேலை. காலேஜ் ஃபிரெண்டோட சேந்து ராத்திரியும் வீக்கெண்டும் உக்காந்து ஒரு சயின்ஸ் ஃபிக்ஷன் ஆர்பிஜி (ஒரு கேரக்டரா மாறி கதைக்குள்ள போய் விளையாடற கேம்) பண்றார், கதையும் ஆர்ட்டும் இவர், கோடிங் ஃபிரெண்டு. சனி கிரகத்தோட ஒரு நிலாவுல மனுஷங்க சுரங்கம் தோண்டற காலனி, அங்க ஏற்கனவே வேற நட்சத்திரத்துல இருந்து வந்து குடியேறின ஒரு இனம். ஹீரோயினுக்கு அம்மா மனுஷி, அப்பா ஏலியன். அம்மாவை தூக்கிட்டு போய் கர்ப்பமாக்கிட்டாங்கன்னு முதல் கட்சீன்ல (கேம் நடுவுல படம் மாதிரி ஓடற காட்சி) ரெண்டே நிமிஷத்துல காட்டிட்டு கதை 20 வருஷம் தாவிடுது. பொண்ணுக்கு மனுஷ பக்கத்துல இருந்து புத்தி, ஏலியன் பக்கத்துல இருந்து பலம், கூடவே வெறி ஏற ஏற நிறையற ஒரு ரேஜ் மீட்டர், அது நிறைஞ்சா ஏலியன் ரத்தம் பொங்கி கன்ட்ரோல் போயிடும். அவளுக்கு குழந்தை பிறக்காது, அதுதான் கதையோட சோகம்.

ஃபிரெண்டு பயோடெக் படிச்சுட்டு கோடிங்குக்கு வந்தவராம் (நம்ம ஊர்ல இந்த கதை நிறைய வீட்ல இருக்கு). அவர் சொல்றது, குதிரையும் கழுதையும் சேந்தாலே கோவேறு கழுதைக்கு குட்டி போட வரல, வேற கிரகத்து உயிரோட மனுஷிக்கு குழந்தைன்னா இது சயின்ஸ் ஃபிக்ஷனே இல்ல, அவளை தூக்கு, இல்ல ஃபேன்டசின்னு போர்டை மாத்து, ரெண்டும் முடியாதுன்னா நான் விலகிக்கறேன்னு. தம்பியோட வாதம், மாஸ் எஃபெக்ட்ல எந்த இனத்தோடயும் சேந்து குழந்தை பெத்துக்கற அசாரிங்கற ஏலியன் இனம் இல்லையா, உலகமே விளையாடுச்சு யாரும் ஒண்ணும் சொல்லலையேன்னு. அதே மூச்சுல, அசாரியை காப்பி அடிச்சேன்னு யாராவது கேஸ் போடுவாங்களான்னும் ஒரு பயம். கடைசில பின்குறிப்பா நாலு வரி. அப்பா அம்மா வேற வேற சாதி, சின்ன வயசுல இவர் கோபப்பட்டா போதும் அத்தை "அது அவங்கம்மா பக்கத்து ரத்தம்"னு சொல்லுவாங்களாம், ஹீரோயின் அங்கிருந்துதான் வந்தா, ஃபிரெண்டுக்கு இது தெரியாது, தெரியணும்னும் இல்ல.

தம்பி, முதல்ல பதிலை சொல்லிடறேன். அவளை தூக்க வேண்டாம். ஆனா அவ எப்படி உருவானாங்கறதை நீங்க இன்னும் யோசிக்கவே இல்ல, அம்மா அப்பான்னு ரெண்டு வார்த்தை போட்டுட்டு தாண்டி போயிட்டீங்க. ஃபிரெண்டு பிடிச்சிருக்கறது அந்த ஓட்டையைத்தான், அவர் அதை முரட்டுத்தனமா சொன்னதால உங்களுக்கு ஹீரோயினையே குறை சொல்ற மாதிரி கேட்டிருக்கு.

கோவேறு கழுதை வாதம் எது வரைக்கும் ஓடும்

குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62, ரெண்டும் சேந்தா கோவேறு கழுதைக்கு 63. முட்டையோ விந்தணுவோ உருவாகும்போது குரோமோசோம்கள் ஜோடி ஜோடியா சேந்து பிரியணும், இங்க ஜோடி சரியா அமையாது, அதனால பெரும்பாலும் குட்டி கிடையாது. இது வரைக்கும் உங்க ஃபிரெண்டு சரி. ஆனா கவனிச்சு பாருங்க, குட்டி போட முடியாதுங்கறதுதான் இந்த உதாரணம் சொல்றது, பொறக்கவே முடியாதுன்னு இல்ல. கோவேறு கழுதை பொறக்குது, நல்லா வளருது, ரெண்டு பேரையும் விட நல்லாவே பாரம் தூக்குது. குதிரையும் கழுதையும் ஒரே மூதாதையர்கிட்ட இருந்து சில மில்லியன் வருஷம் முன்னாடி பிரிஞ்ச பங்காளிங்க, அதனாலதான் அது கூட நடக்குது.

அதை விட தூரமா பிரிஞ்சும் நடந்திருக்கு. 2020-ல ஹங்கேரில ஆராய்ச்சியாளர்கள் ஸ்டர்ஜன் மீனோட முட்டைல அமெரிக்க பேடில்ஃபிஷோட விந்தணுவை போட்டாங்க, கலப்பு வரணும்னு போடல, வராதுன்னு நம்பித்தான் வேற ஒரு சோதனைக்கு பயன்படுத்தினாங்க, பாத்தா நூத்துக்கணக்குல கலப்பு மீன் நீந்திட்டு இருக்கு. அந்த ரெண்டு மீனோட பொது மூதாதையர் சுமார் 184 மில்லியன் வருஷத்துக்கு முன்னாடி, டைனோசர் காலம். மனுஷங்க பக்கம் வந்தா சைபீரியாவுல டெனிசோவா குகைல கிடைச்ச ஒரு சின்ன எலும்புத் துண்டு இருக்கு. 2018-ல அதோட டிஎன்ஏவை படிச்சப்ப அது சுமார் 90,000 வருஷத்துக்கு முன்னாடி வாழ்ந்த ஒரு பொண்ணு, அம்மா நியாண்டர்தால், அப்பா டெனிசோவன், ரெண்டும் அழிஞ்சு போன பழைய மனுஷ இனங்கள். முதல் தலைமுறை கலப்பு, நேரடியா. ஆப்பிரிக்காவுக்கு வெளிய இருக்க மனுஷங்க கிட்ட இன்னைக்கும் 1, 2 சதவீதம் நியாண்டர்தால் டிஎன்ஏ ஓடுது, உங்க கிட்டயும் என் கிட்டயும் உங்க அத்தை கிட்டயும்.

இதெல்லாம் உங்க பக்கம் வாதம் மாதிரி தெரியும், ஆனா இல்ல. இத்தனை உதாரணத்துலயும் பொதுவா ஒண்ணு இருக்கு, எல்லாரும் ஒரே பூமியோட வம்சம், ஒரே டிஎன்ஏ, அதை படிக்கற அகராதி கூட கிட்டத்தட்ட ஒண்ணு. உங்க ஏலியனுக்கு டிஎன்ஏன்னு ஒண்ணு இருக்கணும்னே அவசியம் இல்ல. இருந்தாலும் அதுல எந்த மூணு எழுத்துக்கு எந்த அமினோ அமிலம்ங்கற கணக்கு நம்மளோட ஒத்துப் போகணும்னு எந்த கட்டாயமும் இல்ல. அதுக்கும் கீழ போனா, நம்ம உடம்புல புரதம் கட்டற அமினோ அமிலங்கள் கிட்டத்தட்ட எல்லாம் இடது கை அமைப்பு, அங்க வலது கை அமைப்பா இருந்துட்டா அவங்க சமையல் கூட நமக்கு சத்தா மாறாது. அங்க போய் விந்தணு முட்டையை எல்லாம் பேசறதுல அர்த்தமே இல்ல. ஆக கோவேறு கழுதை உதாரணம் உங்க ஏலியனுக்கு ரொம்ப தாராளம், உண்மையான தடை அதை விட பெருசு. ஃபிரெண்டு தப்பான உதாரணத்தை வச்சு சரியான முடிவுக்கு வந்திருக்கார்: வேற நட்சத்திரத்து உயிரோட, யாரோட தலையீடும் இல்லாம, இயல்பா ஒரு குழந்தை பிறக்காது.

குழந்தை பிறக்காதுங்கற உங்க சோகத்துக்கும் இங்கயே ஒரு திருத்தம். ஹால்டேன்னு ஒரு விஞ்ஞானி 1922-லயே கவனிச்சு எழுதினார் (பின்னாடி இந்தியாவுக்கே வந்து குடியுரிமை வாங்கி புவனேஸ்வர்ல காலமானவர்). கலப்பினத்துல ஒரு பாலினம் மட்டும் மலடாவோ இல்லாமலோ போனா, பெரும்பாலும் ரெண்டு வேற வேற பால் குரோமோசோம் இருக்கற பாலினத்துக்குத்தான் அது நடக்கும்னு. பாலூட்டிகள்ல அது ஆண். சிங்கமும் புலியும் சேந்த லைகர்ல பெண்ணுக்கு குட்டி பிறந்திருக்கு, 2012-ல ரஷ்யாவுல நோவோசிபிர்ஸ்க் ஜூல ஒரு லைகர் தாய் குட்டி போட்டுச்சு. உங்க ஹீரோயின் பெண். அவளுக்கு அண்ணன் தம்பி இருந்தா அவனுக்கு வேணா அந்த சோகத்தை கொடுக்கலாம், அறிவியலா பாத்தா. அறிவியல் இல்லாம பாத்தா, என் ரூமுக்கு வர்ற பெண்கள்ல பாதி பேர் இதே வார்த்தையை மாமியார் வாய்ல இருந்து கேட்டுட்டு வந்து உக்காறாங்க. ஒரு கேரக்டருக்கு ஆழம் வேணும்னா முதல்ல கைல கிடைக்கற சோகமா இது ஏன் இருக்கணும்னு ஒரு தடவை யோசிங்க.

அசாரி உங்களுக்கு சாட்சி சொல்ல மாட்டாங்க

நீங்க மாஸ் எஃபெக்டை துணைக்கு கூப்பிட்டீங்க, கேமுக்குள்ளயே இருக்கற கோடெக்ஸ்ங்கற தகவல் தொகுப்பை படிக்காம ஸ்கிப் பண்ணியிருக்கீங்கன்னு நினைக்கறேன், நிறைய பேர் அப்படித்தான். அசாரிக்கு எந்த இனத்தோட சேந்து குழந்தை பிறந்தாலும் அது முழு அசாரி, கலப்பே கிடையாது. அம்மா தன்னோட ஜீனையே ரெண்டு பிரதியா கொடுக்கறாங்க, ஒண்ணு அப்படியே, இன்னொண்ணு துணையோட நரம்பு மண்டலத்தோட இணையறப்ப மாத்தி அமைக்கறது. துணையோட டிஎன்ஏ உள்ள வர்றதே இல்ல. அதாவது 2007-லயே அந்த ரைட்டர்ஸ் உங்க ஃபிரெண்டோட கேள்வியை தங்களுக்குள்ள கேட்டுட்டு ஒரு சந்து வழியா வெளிய வந்துட்டாங்க. வந்ததோட நிக்காம அந்த உயிரியல்ல இருந்தே ஒரு சமூகத்தை கட்டினாங்க பாருங்க, அதுதான் எனக்கு பிடிச்சது. ரெண்டு அசாரி சேந்து பெத்த குழந்தையை சுத்த ரத்தம்னு சொல்றது அங்க திட்டு. நம்ம எல்லா ஊர்லயும் சுத்தம்னா பெருமை, அங்க அது அவமானம், அப்படி பிறந்த லியாராங்கற கேரக்டருக்கு அந்த பேச்சு எவ்வளவு குத்துதுன்னு பேசிப் பாத்தா தெரியும். அதே மாதிரி மேட்ரியார்க் ஏத்தீட்டாங்கற மூத்த அசாரியோட அப்பா க்ரோகன்ங்கற வேற இனம், ஜீன் கணக்குல அவங்க கிட்ட க்ரோகன் ஒரு துளி கூட இருக்காது, ஆனாலும் அவர் அவங்களுக்கு அப்பாதான்.

இடது கை வலது கை அமைப்பு சமாச்சாரமும் அதே கேம்ல இருக்கு. டூரியன், குவேரியன்னு ரெண்டு ஏலியன் இனமும் எதிர் அமைப்பு, நம்ம சாப்பாடு அவங்களுக்கு ஆகாது. ரெண்டாவது பாகத்துல நாம விளையாடற ஷெப்பர்ட், கேரஸ்ங்கற டூரியனை லவ் பண்ணா, டாக்டர் மோர்டின் லேப்ல கூப்பிட்டு வச்சு அலர்ஜி வரும் ஜாக்கிரதைன்னு படு சீரியஸா அட்வைஸ் பண்ணுவார். நான் தினம் பேசற டோன்லயே இன்னொருத்தர் பேசறதை கேட்டு அன்னைக்கு சிரிச்ச மாதிரி எந்த கேம்லயும் சிரிச்சதில்ல.

அப்ப எந்த வழியா வரலாம்

இயல்பா பிறக்கற வழி ஒண்ணுதான் அடைபடுது. யாரோ உக்காந்து செஞ்சாங்கன்னா கதவு திறக்குது, சயின்ஸ் ஃபிக்ஷன்னு பேர் வச்ச நல்ல கேம்கள் எல்லாம் அந்த கதவு வழியாத்தான் உள்ள வந்திருக்கு.

பூமிக்கு வர்ற ஏலியன்களோட சண்டை போடற எக்ஸ்காம் கேமை எடுத்துக்கோங்க. 2012-ல வந்த கேம்ல செக்டாய்டுங்கற ஏலியன் குள்ளமா, கூன் போட்டு, நாலு கால்ல ஓடற மாதிரி ஓடும். 2016-ல எக்ஸ்காம் 2-ல அதே செக்டாய்டு நம்ம உயரத்துக்கு நிமிந்து நிக்குது, வாய் நிறைய பல்லு. முதல்ல பாக்கறப்ப ஆர்ட் டீம் டிசைனை மாத்திட்டாங்கன்னு தோணும். அப்புறம் ஒண்ணை கொன்னு அறுத்துப் பாக்கற ரிப்போர்ட் வரும், அதுல மனுஷ டிஎன்ஏ கலந்திருக்குன்னு இருக்கும், அப்ப வயித்துல ஒரு புரட்டு புரட்டும், ஏன்னா கிளினிக்னு சொல்லி நகரத்துல இருந்து காணாம போன ஜனங்க எங்க போனாங்கன்னு அங்கதான் கணக்கு சேர ஆரம்பிக்குது. ஹைபிரிட் உடம்பே அங்க குற்றத்துக்கு சாட்சி. அதே வரிசைல 2020-ல வந்த கைமேரா ஸ்க்வாட்ல அதே ஹைபிரிட்டுங்க, போர் முடிஞ்சு போச்சு, ஊருக்குள்ள வீடு எடுத்து மனுஷங்களோட ஒரே ஸ்க்வாட்ல வேலை பாக்கறாங்க. எதிரிக்கு சோல்ஜரா செய்யப்பட்ட உடம்பு இன்னைக்கு பக்கத்து சீட்ல உக்காந்து டீ குடிக்குது, இப்ப என்ன பண்றதுங்கறதுதான் அந்த கேமோட சுவாரசியம், கேம் அதை இன்னும் ஆழமா தோண்டியிருக்கலாம்ங்கறது என் குறை.

2017-ல வந்த ப்ரேங்கற கேமை விளையாடலைன்னா அடுத்த மூணு வரியை தாண்டிடுங்க. நீங்க முழு கேமும் மார்கன் யூங்கற மனுஷ கேரக்டர்னு நினைச்சு விளையாடறது மார்கனே இல்ல, மனுஷ ஞாபகத்தையும் அடுத்தவங்க வலியை உணர்ற திறனையும் உள்ள வச்சு செஞ்ச ஒரு டைஃபான், அந்த கேமோட ஏலியன். நீங்க யாரை காப்பாத்தினீங்க யாரை விட்டுட்டு போனீங்கன்னு எல்லாத்தையும் ஒரு பரீட்சையா உக்காந்து பாத்துட்டு இருந்திருக்காங்க. அங்க ஹைபிரிட் யாருன்னா கன்ட்ரோலரை பிடிச்சிருக்கற நீங்க. இது சினிமாவுல வராது, நாவல்ல வராது, கேம்ல மட்டும்தான் வரும். ஹைபிரிட் கேமுக்கு சேருமான்னு கேக்கறவங்களுக்கு இதை விட நல்ல பதில் எனக்கு தெரியல.

இன்னொண்ணு 1997-ல வந்த ஃபைனல் ஃபேன்டசி 7. பேர்ல ஃபேன்டசின்னு இருந்தாலும் அதோட வில்லன் செஃபிரோத் கதை அப்பட்டமான லேப் கதை, கருவுல இருக்கும்போதே வானத்துல இருந்து விழுந்த ஜெனோவாங்கற ஏலியனோட செல்லை செலுத்திடறாங்க. அவன் பெரியவனாகி நிபெல்ஹைம்ங்கற ஊர்ல ஒரு மேன்ஷன் பேஸ்மெண்ட்ல நாள் கணக்கா ஃபைலா படிச்சு, அந்த ஃபைல்ல விஞ்ஞானிங்களே ஜெனோவாவை பழங்கால இனம்னு தப்பா எழுதி வச்சிருக்கறதை அப்படியே நம்பி, தான் அந்த இனத்தோட கடைசி வாரிசுன்னு முடிவு பண்ணி ஊரையே கொளுத்திடறான். என் தொழில்ல இருந்து பாத்தா இது கூட ஆள் இல்லாம தன்னோட ரிப்போர்ட்டை தானே படிச்சவனோட கதை. நெட்ல ரிப்போர்ட்டை தேடிப் பாத்துட்டு ராத்திரி ரெண்டு மணிக்கு எனக்கு மெசேஜ் போடறவங்களை நினைச்சுக்கிட்டேன்.

நிஜ லேப்லயும் உங்களுக்கு தேவையானது கொட்டி கிடக்கு. 1965-லயே மனுஷ செல்லையும் எலி செல்லையும் ஒரு வைரஸை வச்சு ஒட்டி ஒரே செல்லா வளத்தாங்க. அந்த கலப்பு செல் பிரிஞ்சு பிரிஞ்சு வளரும்போது மனுஷ குரோமோசோமை மட்டும் ஒண்ணொண்ணா தொலைச்சுட்டே வரும். இதை உங்க ஹீரோயின் மேல வச்சு பாருங்க, வருஷம் ஆக ஆக அவ உடம்பு ஒரு பக்கத்தை மெல்ல கைவிடுதுன்னா அது ரேஜ் மீட்டரை விட எவ்வளவு பயங்கரமான மீட்டர். இல்ல வைரஸ் வழி. நம்ம டிஎன்ஏல சுமார் 8 சதவீதம் பழைய வைரஸ்கள் விட்டுட்டு போனது, கர்ப்பத்துல நஞ்சுக்கொடி உருவாக உதவற சின்சிட்டின்ங்கற புரதமே அப்படி வந்த ஜீன்தான். இல்லைன்னா 2022 ஜனவரில மேரிலாந்துல ஒரு நோயாளிக்கு பன்னியோட இதயத்தை வச்சாங்களே அது, அந்த பன்னில 10 இடத்துல ஜீனை திருத்தி அதுல 6 மனுஷ ஜீனை சேத்திருந்தாங்க, அவர் சுமார் ரெண்டு மாசம் உயிரோட இருந்தார். அமினோ அமில பிரச்சனையை எப்படி தாண்டறதுன்னு கேப்பீங்க. உங்க ஏலியன்ஸ் நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் வர தெரிஞ்சவங்க, அவங்க நம்ம வேதியியல்ல தங்களோட ஒரு குணத்தை மறுபடி எழுதினாங்கன்னு வச்சுக்கோங்க, மொழிபெயர்ப்பு மாதிரி. அப்ப அவ பாதி பாதி இல்ல, உடம்பு பூரா பூமி வேதியியல், அதுல எழுதியிருக்க சில பக்கம் மட்டும் அவங்களோடது. நீங்க அனுப்பின ஸ்கிரீன்ஷாட்ல மெடிக்கல் கார்டுல "டிஎன்ஏ: 50% மனிதம், 50% ஏலியன்"னு ஒரு பார் இருக்கே, அதை எடுத்துட்டு இதை எழுதுங்க, பயோடெக் படிச்சவர் வாயை மூடிக்குவார்.

அம்மாவோட ரெண்டு நிமிஷம்

யாரோ செஞ்சாங்கன்னு சொன்னதும் அடுத்த கேள்வி தானா வருது, அந்த அம்மாவை யாராவது கேட்டாங்களா? உங்க கட்சீன்ல அவங்களுக்கு பேர் இல்ல, டயலாக் இல்ல, கத்தறது மட்டும் இருக்கு. இது நீங்க கண்டுபிடிச்சதும் இல்ல, பழைய சரக்கு. 1957-ல பிரேசில்ல ஒரு விவசாயி தன்னை தூக்கிட்டு போய் ஒரு வேற்றுகிரகப் பொண்ணோட சேத்து வச்சாங்கன்னு சொன்னார். 1961-ல அமெரிக்காவுல நியூ ஹாம்ப்ஷயர்ல பெட்டி, பார்னி ஹில்னு ஒரு தம்பதி தங்களை பறக்கும் தட்டுல கடத்தினாங்கன்னு சொன்னாங்க, வயித்துல ஊசி குத்தி கர்ப்ப பரிசோதனைன்னு சொன்னதா பெட்டி சொன்ன விவரம் பின்னாடி எல்லார் கதைலயும் ஒட்டிக்கிச்சு. அந்த தம்பதில பார்னி கறுப்பினத்தவர், பெட்டி வெள்ளைக்காரங்க, அப்ப அமெரிக்காவுல பல மாநிலங்கள்ல அந்த மாதிரி கல்யாணமே சட்டப்படி குற்றம், 1967-ல தான் சுப்ரீம் கோர்ட் அந்த தடையை எடுத்துச்சு. ஹைபிரிட் பயம் எந்த மண்ணுல வளந்துச்சுன்னு பாத்துக்கோங்க, நீங்களே அந்த மாதிரி வீட்ல இருந்து வந்தவர்.

கட்டாயப்படுத்தின கர்ப்பத்தை கதைல வைக்கவே கூடாதுன்னு நான் சொல்லல, வச்சா அதுக்கு இடம் கொடுக்கணும். ரெண்டு நிமிஷம் இன்ட்ரோவுக்காக ஒரு பெண்ணுக்கு அதை பண்ணிட்டு தாவினா விளையாடற பெண்கள்ல சிலர் அங்கயே கேமை அன்இன்ஸ்டால் பண்ணுவாங்க, அவங்க மேல தப்பு இல்ல. ஸ்டோர்ல போடறப்ப கன்டென்ட் கேள்விகள்ல பாலியல் வன்முறை பத்தி கேப்பாங்க, உண்மையை சொல்லணும், வயசு ரேட்டிங் ஏறும், நீங்க நினைச்ச 12 வயசு பசங்க கிட்ட கேம் போகாது. இதுக்கு பதிலா அம்மா காலனியோட டாக்டர்னு வைங்க, தெரிஞ்சே கையெழுத்து போட்டாங்கன்னு வைங்க, எதுக்கு போட்டாங்கங்கறதை பொண்ணு கேம் பூரா தேடட்டும். அந்த கன்சென்ட் ஃபார்ம்ல என்ன எழுதியிருந்துச்சு, எந்த வரியை மறைச்சாங்க, இதுவே ஒரு முழு குவெஸ்ட். தினம் ஃபார்ம்ல கையெழுத்து வாங்கற ஆள் சொல்றேன், நம்புங்க.

ரேஜ் மீட்டர்

இதை கொஞ்சம் மெதுவா சொல்லணும். உங்க அத்தை என்ன சொன்னாங்க? கோபம் வந்தா அது அம்மா பக்கத்து ரத்தம். மார்க் வாங்கினா யார் பக்கம்னு சொல்லுவாங்கன்னு நீங்க எழுதல, எனக்கு தெரியும், அப்பா பக்கம். இப்ப உங்க கேமோட ஸ்டாட்ஸ் ஸ்கிரீனை திறந்து பாருங்க. புத்தி மனுஷ பக்கம், வெறி ஏலியன் பக்கம். அத்தை சொன்னதை நீங்க கோடா மாத்தி வச்சிருக்கீங்க தம்பி. அவங்க சொன்னது பொய்னு காட்டத்தான் இந்த கேமை ஆரம்பிச்சீங்க, ஆனா உங்க கேமுக்குள்ள அவங்க சொன்னது உண்மையாயிடுது, ஏன்னா மீட்டர் நிறைஞ்சா ஹீரோயின் நிஜமாவே கன்ட்ரோல் இழக்கறா. டயலாக்ல நீங்க எவ்வளவு சமத்துவம் பேசினாலும் விளையாடறவன் கை கத்துக்கறது மீட்டரைத்தான்.

மரபணுவா பாத்தாலும் குணம் அப்படி பாகம் பிரிச்சு வர்றதில்ல. கோபம், புத்தி மாதிரி விஷயங்கள்ல ஆயிரக்கணக்கான இடத்துல இருக்க சின்ன சின்ன வேறுபாடு, வளந்த வீடு, சாப்பாடு, ஸ்கூல், அடி, தூக்கம் எல்லாம் சேந்து வேலை செய்யுது, இது அம்மா பங்கு இது அப்பா பங்குன்னு கோடு போட முடியாது. ஃபேன்டசி கேம் உலகமே இதோட மல்லுக்கட்டிட்டு இருக்கு. மேஜைல உக்காந்து விளையாடற டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸோட 2024 விதிப் புத்தகத்துல ஹாஃப்-எல்ஃப், ஹாஃப்-ஆர்க்னு தனி இனங்கள் இல்ல, பலம் புத்தி போனஸை எல்லாம் இனத்துல இருந்து எடுத்து கேரக்டரோட பின்னணிக்கு மாத்திட்டாங்க. அதை வச்சு செஞ்சு 2023-ல வந்த பால்டர்ஸ் கேட் 3 வீடியோ கேம்ல ரெண்டு ஹாஃபும் இருக்காங்க, அதை ரசிச்சு விளையாடினவங்களும் நிறைய. பாதிங்கற பேரையே எடுத்துட்டா கலந்து பிறந்தவங்களும் காணாம போயிடறாங்கன்னு ஒரு பக்கம் குறை சொல்றாங்க, அந்த குறைல எனக்கு பாதி சம்மதம் உண்டு. உங்களை மாதிரி ஒருத்தர் தன் கதையை சொல்ல அந்த பாதி தேவைப்படுது.

மீட்டரை வச்சுக்கணும்னா அது அவளுக்குள்ள இருக்கறதை அளக்க வேண்டாம், சுத்தி இருக்கறவங்க அவளை எப்படி பாக்கறாங்கங்கறதை அளக்கட்டும். காலனி கேன்டீன்ல ஒருத்தன் அவ தட்டை தொட மாட்டேங்கறான், ஏறுது. அவ குரலை உசத்தி ஒரு நியாயமான கேள்வி கேக்கறா, செக்யூரிட்டி கை ஸ்டன் கன்னுக்கு போகுது, ஏறுது. அதே கேள்வியை மனுஷ கேரக்டர் கேட்டா ஏறாது. விளையாடறவனுக்கு பத்து நிமிஷத்துல புரிஞ்சுடும், நீங்க ஒரு டயலாக் கூட எழுத வேண்டாம்.

காப்பி, கேஸ், அப்புறம் ஃபிரெண்டு

சட்டம் என் துறை இல்ல, ரிலீஸுக்கு முன்னாடி ஒரு வக்கீலை பாத்துடுங்க, ஆனா பயந்து தூக்கத்தை கெடுத்துக்கற அளவுக்கு இதுல ஒண்ணும் இல்ல. ஒரு ஐடியாவுக்கு காப்பிரைட் கிடையாது, அதை எப்படி வெளிப்படுத்தினாங்கங்கறதுக்குத்தான்னு நம்ம சுப்ரீம் கோர்ட் 1978-லயே ஆர்.ஜி.ஆனந்த் வழக்குல தெளிவா சொல்லியிருக்கு. மனுஷியும் ஏலியனும் கலந்த ஹீரோயின்ங்கறது ஐடியா. நீல தோல், தலைல பின்னோக்கி வளைஞ்ச கொம்பு மாதிரி அமைப்பு, மனசை இணைக்கறப்ப கண்ணு கறுப்பாகறது, இதெல்லாம் சேந்தா அது அசாரி, அதை மட்டும் செய்யாதீங்க. உங்க ஸ்கெட்ச்ல தோல் நீலமாத்தான் இருக்கு, மாத்திடுங்க. சனியோட நிலாவுல வெளிச்சமே கம்மி, அங்க வாழற உடம்புக்கு நீலம் ஏன்னு உங்க ஃபிரெண்டே அடுத்து கேப்பார்.

ஃபிரெண்டை பத்தி. அவர் விலகறேன்னு சொன்னது ஹைபிரிட் மேல இருக்க வெறுப்புல இல்ல, மூணு வருஷம் படிச்ச படிப்பை கதைல யாரும் கேக்கவே இல்லையேங்கற வருத்தம் அந்த வரிகள்ல எனக்கு தெரிஞ்சுது, தப்பாவும் இருக்கலாம். அவளை எந்த வழில உருவாக்கலாம்னு மேல சொன்னதை எல்லாம் கொண்டு போய் அவர் முன்னாடி வைங்க, லேப் ரிப்போர்ட், மெடிக்கல் கார்டு, அந்த கன்சென்ட் ஃபார்ம் எல்லாம் அவரே எழுதட்டும். அத்தை விஷயத்தை அவர்கிட்ட சொல்லணுமாங்கறது உங்க இஷ்டம், சொல்லித்தான் ஜெயிக்கணும்னு இல்ல. ஆனா மீட்டரை ஏன் மாத்தறீங்கன்னு கேட்டா ஒரு காரணம் சொல்லியாகணும், அப்ப பொய் சொல்லாதீங்க, அவ்வளவுதான்.

சமாதானம் ஆனாலும் ஆகலைன்னாலும் ஒரு பக்கத்துல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு வச்சுக்கோங்க. யாருக்கு எவ்வளவு பங்கு, ஒருத்தர் நடுவுல போயிட்டா கோடு யாருக்கு, ஹீரோயின் யாருக்கு, பேர் எங்க வரும். அப்புறம் ரெண்டு பேரோட ஆஃபர் லெட்டரையும் எடுத்து படிங்க, வேலைல இருக்கும்போது நீங்க உருவாக்கறது எல்லாம் கம்பெனிக்கு சொந்தம்னு சில இடத்துல ஒரு வரி இருக்கும், ஆஃபீஸ் லேப்டாப்ல ஒரு ஸ்கெட்ச் கூட போடாதீங்க.